முதல் ஒரு மில்லி

மணி இரண்டு பத்து. குப்பியை உள்ளே வைத்து மூடியாயிற்று, விளக்கும் சூடேறி நிலைக்கு வந்துவிட்டது, இனிப் பதினெட்டு நிமிடத்துக்கு நான் செய்ய ஒன்றுமில்லை. எந்திரம் செய்யும், நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முக்கால்வாசி இப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிகல் அசிஸ்டென்ட் என்று சொன்னால் உடனே திமிங்கிலம் பார்த்திருக்கிறீர்களா என்பார்கள். திமிங்கிலமா. நான் பார்த்ததெல்லாம் சேறு. கடலடிச் சேறு, அந்தச் சேற்றில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே சிக்கிக்கிடக்கிற நீர், அந்த நீரில் கரைந்திருக்கிற மக்கல். பாசி, மீன் கழிவு, ஆற்றோடு வந்த இலை எல்லாம் வருஷக்கணக்கில் மக்கிக் கரைந்து இளம் டீத்தண்ணீர் நிறத்தில் நிற்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அடித்தால் பதிலுக்கு அதுவும் கொஞ்சம் வெளிச்சம் விடும். எந்தக் கதிருக்கு எந்த வெளிச்சம் வருகிறது என்று அளந்தால் உள்ளே கரைந்திருப்பது பழசா புதுசா, செத்ததா உயிருள்ளதிலிருந்து வந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். இன்றைக்குக் குப்பியில் சேற்று நீர்கூட இல்லை. சுத்திகரித்த வெறும் தண்ணீர், ஒன்றுமே இல்லாத தண்ணீர். ஒன்றுமில்லாததை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மதியம், கதவைச் சாத்திக்கொண்டு.

நாலு மணிக்கு ஹெப்சிபா கூப்பிடுவாள், ஒரு காலத்தில் இங்கே என்னோடு படகில் வந்து ஆராய்ச்சி பண்ணியவள், இப்போது நார்வேயில் பேராசிரியை. மனசுக்குள் ஹெப்சி, வாயைத் திறந்தால் மேடம். நார்வேயில் அப்போது காலை பதினொன்றரை, வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அவளுக்குக் கால் மணி நேரம் இருக்கும், அதை எனக்குத் தருகிறாள், ஒன்பது வருஷமாக. மற்ற ஆறு நாளும் என் போன் அடித்தால் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று ஒரு பதிவுசெய்த குரல் பேசும், அதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். தங்கச்சி நாகர்கோவிலில் இருக்கிறாள், தீபாவளிக்கும் யாராவது செத்தாலும் பேசுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், எனக்கும் இன்னும் ஐந்து மாசம். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணவேண்டும், இந்த எந்திரத்தையும் தொடமுடியாது, வெள்ளிக்கிழமை நாலு மணி மட்டும் என்னோடு வரும் என்று நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன். சாப்ட்டீங்களா அண்ணாச்சி என்றுதான் அன்றைக்கும் ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் கிளார்க் வரை எல்லாரும் அண்ணாச்சிதான், அதில் தனி மரியாதை ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அவள் சொல்கிறபோது காது அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அப்புறம் அந்த மாணவியைப் பற்றிச் சொன்னாள். தஸ்லீமா என்று ஒரு பெண், நம்ம கீழக்கரைக்காரி, ஹெப்சியிடம் பிஎச்டி பண்ணுகிறாள். ரெண்டு வருஷமா அங்க உள்ள சேத்துல தண்ணி எடுக்கா அண்ணாச்சி, படத்துல ரெண்டாவது குன்னு வரவே மாட்டேங்கு, எங்கயோ கவனமில்லாம பண்ணுதா, கேட்டா எல்லாம் முறைப்படிதான் பண்ணினேன் மேடம்ங்கா, அடுத்த திங்கக்கெழம கமிட்டி, நான் அவள நிறுத்திரலாம்னு இருக்கேன். முறைப்படிதான் பண்ணினேன் என்று அந்தப் பெண் சொன்னதை ஹெப்சி சலித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சரி மேடம் என்றேன். சரி மேடம். போனை வைத்தபிறகும் அதையே இரண்டு தரம் சொன்னேன் சுவரைப் பார்த்து.

திரையில் கோடு கோடாக விழுகிறது. சுத்தத் தண்ணீரும் தன் பங்குக்கு ஒரு சாய்ந்த கோட்டைப் போடும், அது தண்ணீரின் குணம், அதைக் கழித்துவிட்டால் வெறும் சமவெளி. சேற்று நீர் என்றால் சமவெளியில் குன்று எழும்பும். வலப்பக்கம் எழும்புவது முதல் குன்று, அது பழைய மக்கல், எந்தச் சேற்றிலும் உண்டு, ஆழம் போகப் போக உயரும். இடப்பக்கக் கீழ் மூலையில் சில சமயம் இன்னொன்று எழும்பும், சின்னது, கூர்மையானது. அது புரதச் சாயல், புதுசு, ஏதோ ஓர் உயிர் இப்போதுதான் விட்டுப்போனது என்று அர்த்தம். மேல்மட்டச் சேற்றில் அது இருப்பதில் ஆச்சரியமில்லை. ஹெப்சி அதைக் கண்டுபிடித்தது அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே, காற்றுப் படாத கறுத்த களியில், ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில். மேலே இல்லை, நடுவே இல்லை, ஆழத்தில் மட்டும் உண்டு. அதை வைத்துத்தான் கட்டுரை, கட்டுரையை வைத்துத்தான் நார்வே, நார்வேயை வைத்துத்தான் இன்றைக்குத் தஸ்லீமா. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு என் பெயரும் இருக்கிறது, ஆறுமுகநயினார், களப்பணியில் தேர்ந்த கை. அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். தேர்ந்த கை. இரண்டு இருபத்தெட்டு. முடிந்தது. சமவெளி. தண்ணீர் சுத்தம், குப்பி சுத்தம், விளக்கு சரி. இதற்கு மேல் எந்திரத்தின்மேல் பழி போடமுடியாது. போட்டிருக்கலாம், பதினாலு வருஷ விளக்கு, யாரும் நம்புவார்கள்.

இப்போது அடுத்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவேண்டும். பென்சில் கனத்தில் ஒரு வெள்ளைக் குச்சி, உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை, ஒரு முனையில் ரப்பர்க் குழாய். இதைச் சேற்றில் செருகி, குழாயில் ஊசி போடுகிற சிரிஞ்சை மாட்டி, இழுத்து முட்டுக்கொடுத்து வைத்தால் சேறு வெளியே நிற்கும், நீர் மட்டும் சொட்டுச் சொட்டாக ஏறும். புதுக்குச்சியில் தயாரிப்பின்போது ஒட்டிய ஏதேதோ இருக்கும், அது முதலில் கரைந்து வரும். அதனால் முதல் ஒரு மில்லியைக் கொட்டிவிடவேண்டும். இந்த வேலையில் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லித்தருகிற விதி அது, எனக்கும் ஹெப்சிதான் சொன்னாள், படகில் வைத்து, ஒரு விரலை நீட்டி, மொத ஒரு மில்லி கடலுக்கு அண்ணாச்சி, நமக்கு இல்ல. அந்தக் காலத்துக் குச்சிப் பெட்டியில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தது, அதே லாட் நம்பர், உறை பிரிக்காமல். செவ்வாய்க்கிழமைதான் தேடி எடுத்தேன். தேடும்போது கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன், வேண்டிக்கொண்டே அடி அலமாரியைக்கூட விடாமல் பார்த்தேன், என் லட்சணம் அப்படி. கையைக் கழுவிக்கொண்டேன். விரலெண்ணெய் பட்டால் அதுவும் ஒளிரும், தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் குப்பியைத் தொடமாட்டேன். சோப்புத்தூளில் வெளுத்த வெள்ளைச் சட்டையை இந்த விளக்கடியில் காட்டினால் டியூப்லைட் மாதிரி எரியும், அதனால் ஆய்வகத்துக்கென்று மங்கிய காக்கிச் சட்டை ஒன்று. ஹெப்சியும் படகுக்கு வரும் நாளில் பவுடர் போடமாட்டாள், பூ வைக்கமாட்டாள். எதிலெல்லாம் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறோம். குச்சியைச் சுத்தத் தண்ணீரில் அமிழ்த்தி சிரிஞ்சை இழுக்கிறேன். சேறு இல்லாததால் சடசடவென்று ஏறுகிறது, ஐந்து மில்லி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. களியில் இதற்கு ஏழு மணி நேரம் ஆகும்.

ஏழு மணி நேரம், அப்படியும் ஐந்துக்கு மேல் வராது. அதுதான் விஷயம். மேல்மட்டச் சேறு தாராளமாகத் தரும், பத்து மில்லி கேட்டால் பன்னிரண்டு தரும், முதல் மில்லியைக் கொட்டுவதில் என்ன கஷ்டம், கொட்டினேன். ஆழத்துக் களி அப்படியல்ல. வெயில் நடு மண்டைக்கு வந்து, மேற்கே சாய்ந்து, படகு ஆடி ஆடி, ஹெப்சி குடலைப் பிடுங்கி வாந்தி எடுத்து ஓரத்தில் சுருண்டு கிடப்பாள், ரொசாரி அண்ணன் சுக்கானில் உட்கார்ந்துகொண்டு கேலி பண்ணுவார், என்ன தாயி, சுத்திலும் கடல் பூராத் தண்ணி கெடக்கு, நீய போயி சேத்தக் கெஞ்சிக்கிட்டுக் கெடக்கீய. அவள் அந்த நிலையிலும் சிரிப்பாள். எந்திரத்துக்கு ஐந்து மில்லி வேண்டும், நாலரை என்றால் கதிர் மேலே தாண்டிப் போய்விடும், அளவு எடுக்கமுடியாது. சிரிஞ்சைப் பார்ப்பேன், ஐந்தில் நிற்கும், சரியாக ஐந்து, இதில் ஒன்றைக் கொட்டினால் நாலு, நாலு என்றால் அந்த மட்டம் முழுக்க வீண், இன்னொரு நாள் படகு, இன்னொரு நாள் வாந்தி, படகு கொடுக்க ஆபீஸில் ஆயிரம் நொட்டை. ஒரே ஒரு தடவை, முதல் தடவை, கொட்டாமல் குப்பியில் விட்டேன். நிறைந்த குப்பியைப் பார்த்ததும் ஹெப்சி எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. உங்க கைராசி அண்ணாச்சி என்றாள். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, நாற்பத்தேழு வயதில் ஓர் ஆளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா, வந்தது. அதற்கப்புறம் ஒரே தடவையாக எப்படி நிறுத்துவேன். பதினொரு தடவை. பதினொரு குப்பி. நோட்டில் ஒரு கட்டம் உண்டு, முதல் மில்லி கொட்டப்பட்டது என்று, அதில் பதினொரு டிக். கொட்டாததைவிட உறுத்துவது அந்த டிக்தான். பேனாவால் போட்டது, பென்சில்கூட இல்லை. ஒரு மில்லியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, பன்னிரண்டு வருஷம் கழித்து யோசித்தால் நினைத்த மாதிரியும் இருக்கிறது. கட்டுரை வந்தபோது ஆழத்தில் மட்டும் உண்டு என்ற வரியைப் படித்ததும் அந்தப் பதினொரு டிக் ஞாபகம் வந்தது, பிறகு என் பெயரைப் பார்த்தேன், சரியாகிவிட்டது. அப்படியானால் தெரியும். தெரியாது என்று சொல்லமுடியாது. தெரியும், ஆனால் போய்ப் பார்க்கவில்லை, ஒரு வீட்டில் நாய் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தெருவில் போகாமலிருப்போமே, அப்படி.

இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாற்பத்தைந்துக்குப் போட்டேன். கதவைத் தட்டாமல் செல்வக்கனி உள்ளே வந்தாள், ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள், டீயும் அவள்தான் வாங்கிவருவாள். என்ன சார், மிசினையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீய, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமக் கெடக்கே. பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். ஒடம்புக்கு ஏதும் செய்யுதா சார். இல்லம்மா. அவள் டீயை மேஜைமேல் வைத்தாள். சொல்லிவிடலாமா என்று தோன்றியது, யாரிடமாவது சொல்லிப் பழகிக்கொள்ளலாம், செல்வக்கனி, ஒரு ஸ்பூனில் கால்வாசித் தண்ணி, அதைக் கொட்டாம விட்டுட்டேன் என்று. அதுக்குப் போயா சார் என்பாள். அதுக்குத்தான். டீ ஆறிரும் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு வருஷத்தில் என் உடம்பைப் பற்றிக் கேட்ட இன்னொரு ஆள் இவள், அதைக்கூட நான் இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். சொல்லாமல் விட்டால் என்ன. யோசித்துப் பார். மூன்று குச்சியையும் குப்பையில் போடு, படத்தை அழி, நாலு மணிக்குப் போனை எடு, சாப்ட்டேன் மேடம் என்று சொல். திங்கட்கிழமை ஒரு பெண்ணை நிறுத்துவார்கள். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. கீழக்கரையில் ஒரு வீட்டில் அவள் அம்மா என் மக வெளிநாட்டுல படிக்கா என்று இந்நேரம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பாள், அப்புறம் அந்தம்மாவிடம் ஏன் வந்துட்டா என்று கேட்பார்கள், கவனமில்லாம பண்ணிட்டாளாம். அவள் கவனமாகக் கொட்டியதால்தான் குன்று வரவில்லை. ஒவ்வொரு தடவையும், ஏழு மணி நேரம் காத்திருந்து, அந்தக் குளிரில், முதல் மில்லியைக் கொட்டியிருக்கிறாள். அவள் கை தேர்ந்த கை. ஹெப்சியிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். அவள் வேலை ஒன்றும் போய்விடாது, அதற்கப்புறம் எத்தனையோ எழுதிவிட்டாள், ஆனால் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும், தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும், நான் கண்டது இல்லை என்று உலகத்துக்குச் சொல்லவேண்டும். அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடுவாள். பயம் எனக்கு அதுதான். அவள் கௌரவம், அறிவியல், தஸ்லீமா, எல்லாவற்றையும் முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன், பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பது அந்தக் கால் மணி நேரம்தான். வெட்கமாக இருக்கிறது.

எழும்பிவிட்டது. இடப்பக்கக் கீழ் மூலையில், இருநூற்று எண்பது நானோமீட்டர் கதிரை அடித்தால் முந்நூற்று நாற்பதில். கூர்மையாக, சின்னதாக, சேறே இல்லாத தண்ணீரில். இதே படம்தான் கட்டுரையின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. உயிரும் இல்லை ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் குச்சியின் அழுக்கு. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், வெளியே உப்புக்காற்றில் துருப்பிடித்த சைக்கிள் ஸ்டாண்டு, அதில் என் சைக்கிள் மட்டும், திரும்பி வந்தேன், இன்னும் இருந்தது. மூன்றாவதையும் ஓட்டினேன், இன்னொரு புதுக்குச்சி, இந்தத் தடவை முதல் மில்லியைக் கொட்டினேன். வாஷ்பேசினில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்த ஐந்து மில்லியைக் குப்பியில் விட்டு மூடினேன், பதினெட்டு நிமிடம் உட்கார்ந்தேன், எதையும் நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமவெளி. அவ்வளவு சுலபம். ஒரு மில்லி. மணி மூன்று ஐம்பது ஆகியிருந்தது, டீயின்மேல் ஆடை கட்டியிருந்தது, அதை அப்படியே குடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிப் பார்த்தேன். மேடம் ஒரு விஷயம். மேடம் கோவிச்சுக்கிடாதீங்க. மேடம் என்றே ஆரம்பிக்கக்கூடாது, ஹெப்சி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் என்ன, எப்படியும் கடைசித் தடவைதானே. சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, வேறு யாருடைய பெயரையோ சொன்ன மாதிரி.

நாலு மணிக்கு அடித்தது.

"சாப்ட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்ல மேடம்."

"ஏன்? மணி நாலாச்சே அங்க. இப்படிக் கெடந்தா ரிட்டயர் ஆகி யாரு உங்களப் பாத்துக்குவா? இங்க ஒரே பனி, ஜன்னலத் தொறக்க முடியல. அந்தப் பொண்ணுக்கு லெட்டர் டைப் பண்ணிட்டேன், திங்கக்கெழம..."

"மேடம், ஆழத்துச் சாம்பிள் பதினொண்ணுல மொத மில்லிய நான் கொட்டல."

நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கமுடியாது. "தண்ணி பத்தல. கொட்டினதா நோட்டுல டிக் போட்டது நாந்தான். இப்ப அதே லாட் குச்சிய வெறுந்தண்ணியில போட்டு ஓட்டிப் பாத்தேன், குன்னு வருது. கொட்டிட்டு ஓட்டினா வரல. படம் மூணும் மெயில்ல போட்டிருக்கேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் பண்ணியிருக்கு."

கீபோர்டு தட்டுகிற சத்தம். படத்தைத் திறக்கிறாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் வெகுநேரம்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நீங்க வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தீங்க, குப்பி நெறஞ்சதப் பாத்துச் சிரிச்சீங்க, அதுக்குத்தான். இதை எப்படிச் சொல்வது. சொன்னால் பாதிப் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவைத்த மாதிரி ஆகும். "தண்ணி பத்தல மேடம்" என்றேன் மறுபடியும்.

"வெக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள். நாலு நிமிடம் இருபது வினாடி என்று போன் காட்டியது. கால் மணி நேரத்தில் மீதி பத்து நிமிடம் நாற்பது வினாடி இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை விரித்தேன், இன்றைய தேதி போட்டு மூன்று ஓட்டத்தையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அழவேண்டும் போலிருந்தது, ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து அழுது பழக்கமில்லை. குப்பியைக் கழுவ எழுந்தபோது மறுபடி அடித்தது. வேறு எண். நார்வே எண்தான்.

"சார், நான் தஸ்லீமா பேசுறேன். மேடம் உங்க நம்பர் குடுத்தாங்க." சின்னக் குரல், அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்ட குரல். "எந்தெந்த சாம்பிள்னு கேட்டு எழுதிக்கிடச் சொன்னாங்க சார்."

"மேடம் எங்கம்மா?"

"இங்கதான் சார், பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. போன ஸ்பீக்கர்ல போடச் சொன்னாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

அந்தப் பெண் யாரையோ திரும்பிப் பார்த்திருக்கவேண்டும். "லிஸ்ட் மட்டும் வாங்கிக்கச் சொன்னாங்க சார்."

நோட்டைப் புரட்டத் தேவையில்லை, படகை நிறுத்திய நிலையத்தின் எண்ணும் சேற்றின் ஆழமுமாகப் பதினொன்றும் எனக்கு மனப்பாடம். மூன்றாம் நிலையம், அறுபது சென்டிமீட்டர் என்றேன். அறுபது என்று அவள் திருப்பிச் சொன்னாள், பேனா கீறுவது கேட்டது, அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு நாற்காலி அசைந்தது. மூன்றாம் நிலையம், அறுபத்தைந்து. அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, அவள் எழுதி முடித்து ம் சொல்லும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னேன். இன்னும் ஒன்பது இருந்தது.